மூன்று பெயர்கள் கொண்ட ஒரு வரி: கிரெக் ருட்கோவ்ஸ்கியும் ஏஐ ஓவியமும், ஒரு நிகழ்வு ஆய்வு

2022-ஆம் ஆண்டின் பின்பாதியில், சொற்களை எழுதிக்கொடுத்தால் படம் போடும் ஏஐ கருவியான ஸ்டேபிள் டிஃப்யூஷனில் படம் போட்டுப் பார்த்தவர்கள் பலர் ஒரே வரியை எங்கிருந்தாவது எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். முன்னால் ‘மலைமேல் கோட்டை’ என்றோ ‘வாளேந்திய இளவரசி’ என்றோ தங்களுக்கு வேண்டியதை எழுதுவார்கள். கடைசியில் இது வரும்: ‘டிஜிட்டல் பெயின்டிங், ஆர்ட்ஸ்டேஷன், கான்செப்ட் ஆர்ட், ஸ்மூத், ஷார்ப் ஃபோகஸ், ஆர்ட் பை ஆர்ட்ஜெர்ம் அண்ட் கிரெக் ருட்கோவ்ஸ்கி அண்ட் அல்ஃபோன்ஸ் முச்சா’.

இந்த மூவரில் முச்சா 1939-இல் காலமானவர். அவர் படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம். ஆர்ட்ஜெர்ம் என்பது சிங்கப்பூரில் இருந்து பணியாற்றும் ஸ்டான்லி லாவின் தொழில்பெயர். ருட்கோவ்ஸ்கி போலந்துக்காரர், டிராகன்களும் தீயும் போர்க்களமுமாக, பழைய எண்ணெய் ஓவியங்களின் ஒளியமைப்பை டிஜிட்டலில் கொண்டுவருபவர். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேஜிக்: தி கேதரிங், ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட் போன்ற விளையாட்டுகளில் அவர் கைவேலை இருக்கிறது. இருவரும் இன்றும் இந்தத் தொழிலில் பிழைப்பவர்கள். உங்கள் பெயரை இப்படிப் பயன்படுத்தலாமா என்று இருவரையும் யாரும் கேட்கவில்லை.

ஏஐ ஓவியம் பற்றிய விவாதம் பெரும்பாலும் ‘படத்தைத் திருடினார்களா?’ என்ற கேள்வியில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. ருட்கோவ்ஸ்கி விஷயத்தில் அடி விழுந்தது படங்களைவிட அதிகமாகப் பெயரின்மேல்தான். அதனால்தான் பதிப்புரிமைச் சட்டத்தின் பிடிக்குள் இந்த நஷ்டம் அவ்வளவு எளிதில் சிக்குவதில்லை. இந்த நிகழ்வை எடுத்து ஆராயக் காரணமும் இதுவே.

பெயர் எப்படி வேலை செய்தது

ஸ்டேபிள் டிஃப்யூஷன் 2022 ஆகஸ்ட் 22 அன்று பொதுவெளிக்கு வந்தது. அடுத்த மாதமே எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ இதழ் ஒரு கணக்கை வெளியிட்டது. லெக்சிகா என்ற தேடுதளம் திரட்டியிருந்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட படங்களின் ப்ராம்ப்டுகளில் (படம் கேட்டு எழுதும் வரிகளில்), ருட்கோவ்ஸ்கியின் பெயர் சுமார் 93,000 முறை வந்திருந்தது. மைக்கலாஞ்சலோ, பிக்காசோ, லியொனார்டோ டா வின்சி ஆகியோர் ஆளுக்கு 2,000 முறையைத் தாண்டவில்லை.

பிக்காசோவைவிட இவர் பெயர் ஏன்? காரணங்களில் ஒன்று மனதைக் கஷ்டப்படுத்துவது. ருட்கோவ்ஸ்கி தன் படங்களை இணையத்தில் ஏற்றும்போது ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் மாற்று உரை எழுதும் வழக்கம் உள்ளவர். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் படித்துச்சொல்லும் உரை அது. ஏஐக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சித் தொகுப்பைத் திரட்டிய நிரல்கள் தேடியதும் அதே உரையைத்தான். லயான்-5பி என்ற அந்தத் தொகுப்பில் படங்கள் கிடையாது. 585 கோடி இணைய முகவரிகளும் ஒவ்வொன்றோடும் ஒட்டியிருந்த மாற்று உரையும்தான் உண்டு. அவற்றில் ஆங்கில உரை உள்ளவை 232 கோடி. மாற்று உரை இல்லாத படம் இந்த வலையில் விழாது. தெளிவாக எழுதப்பட்ட உரை உள்ள படம் விழும். அதோடு மாதிரிக்கு, அதாவது அந்தத் தொகுப்பில் கற்கும் ஏஐ நிரலுக்கு, நன்றாகப் பாடமும் ஆகும். பிறருக்கு உதவியாக அக்கறையோடு செய்த வேலை அவருக்கே வினையாக முடிந்தது.

இரண்டாவது காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. ஸ்டேபிள் டிஃப்யூஷனில் மூன்று உறுப்புகள் சேர்ந்து இயங்குகின்றன. நீங்கள் எழுதும் சொற்களை எண்களாக மாற்றுவது ஒன்று. முதல் பதிப்பில் அது ஓபன்ஏஐ பயிற்றுவித்த கிளிப் என்ற மாதிரி. அந்த எண்களை வழிகாட்டியாக வைத்து இரைச்சலிலிருந்து படிப்படியாகப் படத்தைப் பிரித்தெடுப்பது இரண்டாவது. 64-க்கு 64 அளவில் சுருங்கிக் கிடக்கும் அந்த வரைவை 512-க்கு 512 படமாக விரிப்பது மூன்றாவது. ‘கிரெக் ருட்கோவ்ஸ்கி’ என்று எழுதினால் முதல் உறுப்பு அதை ஓர் ஆளின் பெயராக அறியாது. அந்தச் சொற்களோடு எப்போதும் சேர்ந்து வந்த சங்கதிகளைத்தான் அறியும்: பக்கவாட்டிலிருந்து விழும் சூடான ஒளி, புகைமூட்டத்தில் கரையும் பின்னணி, தடித்த தூரிகைத் தீற்றல், முடித்த வேலையின் நேர்த்தி. ஒரு துறையில் ஒரே தரத்தில் தொடர்ந்து வேலை செய்தவரின் பெயர், இயந்திரத்துக்கு ‘நன்றாகப் போடு’ என்ற கட்டளையாகிவிட்டது. பூனைக்குட்டிக்கும் சமையலறைக்கும்கூட அவர் பெயரைச் சேர்த்தார்கள். டிராகனுக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை; படம் பளிச்சென்று வந்தது, அவ்வளவுதான்.

இதில் அவருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. ருட்கோவ்ஸ்கி அப்போதே சொன்னது இது: தன் பெயரைத் தேடினால் தான் வரையாத படங்கள் தன் பெயரோடு வந்து நிற்கின்றன, ஒரு மாதத்திலேயே இப்படியென்றால் ஓராண்டில் தன் சொந்த வேலையே வெள்ளத்தில் அடித்துப்போய்விடும். விளம்பரப் பட்ஜெட் இல்லாத சுயதொழில் ஓவியருக்குத் தேடுபொறியில் வரும் பெயர்தான் கடைவாசல். கலை இயக்குநர் ஒருவர் அந்த வாசலில் வந்து நின்று, ஆறு விரல் உள்ள ஒரு வீரனைப் பார்த்துவிட்டுப் போனால், போன வேலை போனதுதான். ஏன் வரவில்லை என்று ஓவியருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

நகல் என்ற குற்றச்சாட்டையும் சரியான அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். 2023 ஜனவரியில் நிக்கோலஸ் கார்லினியும் உடன் ஆய்வாளர்களும், பயிற்சித் தொகுப்பில் மிக அதிகமாகத் திரும்பத் திரும்ப வந்த 3,50,000 படங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் உரைக்கும் 500 படங்கள் வீதம் உருவாக்கிப் பார்த்தார்கள். அப்படியே மீண்டு வந்தவை 109 மட்டுமே. சாதாரணமாகப் பயன்படுத்துகையில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் ஒரு குறிப்பிட்ட ஓவியத்தை அச்சாகக் கக்குவது அரிது என்பதை ஓவியர்கள் தரப்பும் ஒப்புக்கொள்வதே நல்லது. ‘எல்லாம் வெட்டி ஒட்டிய கொலாஜ்’ என்று வாதாடியவர்கள் ஆரம்பத்தில் நீதிமன்றத்தில் சறுக்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீக்கிய பிறகு

2022 நவம்பர் இறுதியில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் 2.0 வந்தபோது அந்த வரி திடீரெனச் செத்துப்போனது. ருட்கோவ்ஸ்கி பெயரைப் போட்டால் பழைய பளபளப்பு வரவில்லை. பயனர்கள் கொதித்தார்கள். மாதிரியை ஊனமாக்கிவிட்டார்கள் என்றுகூட எழுதினார்கள். ஓவியர்களின் எதிர்ப்புக்குப் பணிந்து, அதை வெளியிட்ட ஸ்டெபிலிட்டி ஏஐ நிறுவனம் பெயர்களை நீக்கிவிட்டது என்றே பலர் நம்பினார்கள். நிறுவனத் தலைவர் எமாட் மொஸ்டாக் கொடுத்த விளக்கம் வேறு. பெயர்களைத் தனியாக நீக்கவில்லை. சொற்களைப் புரிந்துகொள்ளும் உறுப்பைத்தான் மாற்றினோம் என்றார். ஓபன்ஏஐயின் கிளிப்புக்குப் பதில், லயான் தொகுப்பில் பயிற்றுவித்த ஓபன்கிளிப்பை வைத்திருந்தார்கள். லயானில் ருட்கோவ்ஸ்கியின் படங்கள் அப்படியொன்றும் அதிகம் இல்லை. அவர் பெயரின் பலம் பெரும்பாலும் பழைய கிளிப்பிலிருந்து வந்தது.

இந்தச் சிறு விவரம் கனமானது. ஓபன்ஏஐ தன் கிளிப்பை 40 கோடிப் படம்-உரை ஜோடிகளில் பயிற்றுவித்தது. அந்த ஜோடிகளின் பட்டியலை வெளியிடவில்லை. ஆக, ஓர் ஓவியர் லயானில் தன் படங்களைத் தேடி, ஒவ்வொன்றாகக் குறித்து, விலக்கச் சொல்லியிருந்தாலும், அவர் பெயருக்கு உயிர் கொடுத்த இடம் வேறெங்கோ பூட்டிய அறைக்குள் இருந்திருக்கும்.

விலக்கினாலும் நிற்காது என்பதை 2023 கோடை காட்டியது. ருட்கோவ்ஸ்கி பெயர் வேலை செய்யவில்லையா? பயனர் ஒருவர் அவர் நடைக்கென்றே ஒரு லோரா கோப்பைத் தயாரித்துப் பகிர்ந்துவிட்டார். லோரா என்பது பெரிய மாதிரியின்மேல் ஒட்டவைக்கும் சிறு துணைக்கோப்பு; பெரும்பாலும் சில மெகாபைட் முதல் 200 மெகாபைட் வரை. இதற்கு 20, 30 படங்கள் போதும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி விளக்கம், எழுப்பும் சொல்லாக ஒரு பெயர், வீட்டுக் கணினியில் நடுத்தரமான ஒரு கிராஃபிக்ஸ் கார்டு, ஓரிரு மணி நேரம்.

இதற்கு முன்னோடியாக 2022 இறுதியில் இன்னொன்று நடந்திருந்தது. அமெரிக்காவில் குழந்தைப் புத்தகங்களுக்கும் அனிமேஷன் நிறுவனங்களுக்கும் வரையும் ஓர் ஓவியரின் 32 படங்களை எடுத்து, இரண்டரை மணி நேரத்தில், 2 டாலருக்கும் குறைந்த செலவில் அவர் நடையில் வரையும் மாதிரியை ஒருவர் செய்து இலவசமாக வெளியிட்டார். அதற்கு வைத்த பெயரும் அந்த ஓவியரின் பெயரேதான். அவர் சொன்ன ஒரு விஷயத்தைச் சட்டம் பேசுபவர்கள் பலரும் தவறவிடுகிறார்கள்: அந்த 32-இல் பெரும்பாலானவற்றுக்கு அவர் உரிமையாளரே இல்லை. நிறுவனங்களுக்கு வரைந்தவை, பதிப்புரிமை அவர்களிடம். படத்தின் சொந்தக்காரர் ஒருவர், நடைக்கும் பெயருக்கும் உரியவர் இன்னொருவர். அடிபட்டவருக்கு வழக்குப் போட வழியில்லை. வழக்குப் போடக்கூடியவருக்கு அடியே படவில்லை. ஏன், அந்த நடை மலிவாகக் கிடைத்தால் அவருக்கு லாபமாகக்கூட இருக்கலாம்.

வருமானம் எங்கே கசிகிறது

பெரிய பெயர் உள்ளவரின் முழு ஓவியத்தை ஏஐ பறித்துவிடவில்லை. கசிவு அதற்குக் கீழே இருக்கிறது. ஒரு விளையாட்டுக்கோ புத்தக அட்டைக்கோ வேலை வந்தால் வழக்கமான வரிசை இது: குறிப்பு வரும், ஓவியர் கட்டைவிரல் அளவில் ஐந்தாறு கரட்டு வரைவுகள் போடுவார், இரண்டைத் தேர்ந்து வண்ண வரைவு, ஒன்றை முடித்த ஓவியமாக்குவது. முன்பாதி வேலைக்கும் காசு உண்டு. இளையவர்கள் தொழிலுக்குள் நுழைவது அந்த முன்பாதி வழியாகத்தான். இன்று வாடிக்கையாளர் அந்தக் கட்டத்தைத் தானே ஏஐயில் போட்டுக்கொண்டு வருகிறார். ‘இது போலவே, கொஞ்சம் சரிசெய்து கொடுங்கள்’ என்கிறார். ஓவியருக்குக் கிடைப்பது துப்புரவு வேலை, கூலியும் அதற்கேற்றபடி.

அந்தத் துப்புரவு எளிது என்று நினைப்பது தவறு. கையில் வரும் படத்தை நெருங்கிப் பாருங்கள். தோள்கவசத்தின் வார் மார்பில் தொடங்கி எங்கும் கட்டப்படாமல் முடிகிறது. வாளின் பிடி விரல்களுக்குள் கரைகிறது. இடக்காதில் ஒரு தோடு, வலக்காதில் வேறொன்று. முகத்தில் ஒளி இடமிருந்து விழ, நிழலும் இடப்பக்கமே நீள்கிறது. எல்லாம் ஒரே தட்டையான கோப்பு, அடுக்குகள் இல்லை. கவசத்தைத் தனியே பிரிக்க வேண்டுமென்றால் அதன் பின்னால் மறைந்திருக்கும் உடையை வரைந்தாக வேண்டும். அடுத்த காட்சியில் அதே வீரன் திரும்பி நின்றால் அந்தக் கவசத்தின் முதுகுப்புறம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது; அதை யாரும் யோசித்து வரையவில்லையே. திருத்தி முடிக்க ஆகும் நேரம், புதிதாகப் போடும் நேரத்துக்குச் சமமாகிவிடும். சம்பளம் மட்டும் ஆகாது.

எண்களில் நம்பத்தக்கவற்றையும் தள்ளிவைத்துப் படிக்க வேண்டியவற்றையும் பிரித்துச் சொல்வதே நேர்மை. உறுதியானது வேலை விளம்பரங்களை எண்ணிய ஆய்வு. டெமிர்ச்சி, ஹன்னான், ஜூ ஆகிய மூவரும் ஓர் உலகளாவிய ஃப்ரீலான்ஸ் தளத்தின் அறிவிப்புகளைப் பரிசோதித்தார்கள். படம் உருவாக்கும் ஏஐ வந்த ஓராண்டுக்குள், கிராஃபிக் டிசைன் மற்றும் முப்பரிமாண மாடலிங் வேலைகளுக்கான அறிவிப்புகள், கைவேலை சார்ந்த பிரிவுகளோடு ஒப்பிடுகையில் சுமார் 17% குறைந்திருந்தன. இது யாருடைய அபிப்பிராயமும் இல்லை. போடப்படாமல் போன விளம்பரங்கள். அடுத்தது பிரிட்டனின் எழுத்தாளர், ஓவியர் சங்கமான சொசைட்டி ஆஃப் ஆதர்ஸ் 2024 ஜனவரியில் தன் உறுப்பினர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பு. பதிலளித்த ஓவியர்களில் 26% பேர் ஏஐயால் ஏற்கெனவே வேலை இழந்ததாகவும், 37% பேர் வருமானம் குறைந்ததாகவும் சொன்னார்கள். அடிபட்டவர்கள் அதிகமாகப் பதிலளிக்க வாய்ப்புண்டு என்பதை மனதில் வைத்தே இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் நான்கில் ஒருவர் என்பதை கணிப்பின் சாய்வு என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்கப் பொழுதுபோக்குத் துறையில் மூன்றாண்டுகளில் 2,04,000 வேலைகள் பாதிக்கப்படும் என்ற சிவிஎல் எகனாமிக்ஸ் கணிப்பு, 300 நிர்வாகிகளிடம் கேட்டுப் போட்டது. அதற்குப் பணம் கொடுத்தவை தொழிற்சங்கங்களும் ஓவியர் அமைப்புகளும். நிர்வாகிகளின் மனநிலையைக் காட்டும் சான்றாக அதை எடுத்துக்கொள்ளலாம், இழப்பின் கணக்காக வேண்டாம்.

நீதிமன்றத்தில்

2023 ஜனவரியில் சாரா ஆண்டர்சன், கெல்லி மெக்கெர்னன், கார்லா ஓர்டிஸ் ஆகிய மூன்று ஓவியர்கள் ஸ்டெபிலிட்டி ஏஐ, படம் போடும் இன்னொரு ஏஐ நிறுவனமான மிட்ஜர்னி, ஓவியப் பகிர்வுத் தளமான டிவியன்ட்ஆர்ட் ஆகிய நிறுவனங்கள்மீது சான் ஃபிரான்சிஸ்கோவில் வழக்குத் தொடுத்தார்கள். அக்டோபர் 30 அன்று நீதிபதி வில்லியம் ஓரிக் அதில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தார். மெக்கெர்னன், ஓர்டிஸ் இருவரின் பதிப்புரிமைக் கோரிக்கை விழுந்ததற்குக் காரணம் தத்துவச் சிக்கல் ஏதுமில்லை. அவர்கள் தங்கள் படங்களை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்திருக்கவில்லை. ஆண்டர்சன் 16 தொகுப்புகளைப் பதிந்து வைத்திருந்தார், அவர் தப்பினார்.

நவம்பர் இறுதியில் திருத்திய மனு வந்தது. அதில்தான் ருட்கோவ்ஸ்கி வாதியாகச் சேர்ந்தார். ஜெரால்ட் பிரோம், ஜிங்னா ஜாங் போன்றவர்களும் சேர்ந்தார்கள். இம்முறை வாதம் கூர்மையாக இருந்தது. மிட்ஜர்னி தலைவர் டேவிட் ஹோல்ஸ், தங்கள் மாதிரி போட்டுக்காட்டக்கூடிய நடைகள் என்று 4,700-க்கும் மேற்பட்ட ஓவியர்களின் பெயர்ப்பட்டியலை டிஸ்கார்டு அரட்டைத் தளத்தில் பகிர்ந்ததாக மனு சொன்னது. பெயர் வெறும் பயனர் வழக்கம் என்ற நிலை மாறி, நிறுவனமே கடைவிரித்த சரக்கு என்ற குற்றச்சாட்டானது. கூடவே மொஸ்டாக் ஒருமுறை பெருமையாகச் சொன்னதும் ஆவணத்தில் ஏறியது: 1,00,000 ஜிகாபைட் படங்களை 2 ஜிகாபைட் கோப்பாகச் சுருக்கிவிட்டோம், அதிலிருந்து அவற்றை மீட்டெடுக்கலாம் என்ற பொருளில் அவர் பேசியிருந்தார். 50,000-க்கு 1 என்ற சுருக்கத்தில் எல்லாப் படமும் உள்ளே இருக்க இயலாது என்பது கணிதம் அறிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் சொன்னவர் நிறுவனத் தலைவர் ஆயிற்றே. 2024 ஆகஸ்ட் 12 அன்று, நேரடி மீறல், மீறலைத் தூண்டியது ஆகிய இரண்டு பதிப்புரிமைக் கோரிக்கைகளையும் தொடர நீதிபதி அனுமதித்தார். ஓவியர்களின் பெயரைப் பயன்படுத்தி ஒப்புதல் இருப்பதுபோல் காட்டியதாக மிட்ஜர்னிமீது சாட்டிய வணிகக்குறிக் கோரிக்கையும் தப்பியது. பெயரைப் பற்றிப் பேச நீதிமன்றத்தில் திறந்த ஒரே கதவு அது என்பதால் என் பார்வையில் அந்த வழக்கின் முக்கியமான பகுதி இதுதான்.

மாதிரிக்குள் படம் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஐரோப்பா ஒரே வாரத்தில் இரண்டு பதில் சொன்னது. 2025 நவம்பர் 4 அன்று, புகைப்பட விற்பனை நிறுவனமான கெட்டி இமேஜஸ் தொடுத்த வழக்கில், ஸ்டேபிள் டிஃப்யூஷன் படைப்புகளைத் தன்னுள் சேமித்து வைப்பதில்லை, ஆகவே அது மீறல் நகல் ஆகாது என்று லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது. பழைய பதிப்புகளில் கெட்டியின் நீர்க்குறி தெரிந்ததற்கு மட்டும் சிறு அளவில் வணிகக்குறி மீறல். நவம்பர் 11 அன்று மியூனிக் நீதிமன்றம், பாடல் வரிகள் தொடர்பாக ஜெர்மனியின் இசை உரிமை அமைப்பான ஜெமா ஓபன்ஏஐமீது போட்ட வழக்கில், மனப்பாடமாகித் திரும்ப வரும் வரிகள் மாதிரிக்குள் இருக்கும் பிரதியே என்றது. லண்டனில் பயிற்சி பற்றிய மையக் கேள்வி விசாரணையின் நடுவிலேயே கைவிடப்பட்டது. பயிற்சி பிரிட்டனுக்குள் நடந்தது என்று காட்ட முடியவில்லை. சர்வர் எந்த நாட்டில் ஓடியது என்பதில் ஓர் ஓவியரின் உரிமை தொங்குகிறது.

அமெரிக்காவில் மிச்சமிருக்கும் பெரிய கேள்வி நியாயப் பயன்பாடு, அதாவது அனுமதியின்றிப் பயன்படுத்துவதைச் சட்டம் எப்போது ஏற்கும் என்பது. அதில் நான்காவது அளவுகோல் சந்தைப் பாதிப்பு. 2025 ஜூனில் மெட்டாமீதான எழுத்தாளர்கள் வழக்கில் நீதிபதி சாப்ரியா மெட்டாவுக்கே வெற்றி தந்தார். ஆனால், ஏஐ கொட்டும் படைப்புகளின் வெள்ளத்தில் மூலப் படைப்புகளின் சந்தையே நீர்த்துப்போகலாம் என்றும், அதைச் சான்றோடு காட்டினால் முடிவு மாறும் என்றும் எழுதினார். ருட்கோவ்ஸ்கி 2022-இல் சொன்ன ‘வெள்ளம்’ இதுதான். 17% போன்ற எண்கள் நீதிமன்றத்தில் கனம் பெறுவது இங்கேதான்.

விலகும் உரிமை

எதிர்ப்பு வலுத்தபோது நிறுவனங்கள் நீட்டிய தீர்வு, வேண்டாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்பது. ஸ்பானிங் அமைப்பு ‘ஹேவ் ஐ பீன் டிரெய்ன்ட்’ என்ற தேடுதளத்தை அமைத்தது. 2023 மார்ச்சுக்குள் 8 கோடிப் படங்கள் விலக்கப் பட்டியலுக்கு வந்தன. நல்ல எண்ணத்தில் செய்த வேலை. ஏற்பாடோ அடியிலிருந்தே கோணல். ஓவியர் தன் தளத்தில் தடை போடலாம். அவர் படத்தை ரசிகர் ஒருவர் பின்ட்ரெஸ்ட் என்ற படப் பகிர்வுத் தளத்தில் ஏற்றினால் அது வேறு முகவரி, அங்கே தடை கிடையாது. லயானின் ஓர் உட்பகுதியில் 1.2 கோடிப் படங்களை ஆராய்ந்தபோது சுமார் 8.5% பின்ட்ரெஸ்டிலிருந்து வந்திருந்தது. தன் படம் எங்கெங்கே சிதறிக்கிடக்கிறது என்று தேடிப் பிடிக்கும் கூலியற்ற வேலையும் ஓவியர் தலையில்தான்.

பயிற்சி முடிந்த மாதிரியிலிருந்து ஒரு படத்தின் பங்கைத் திரும்பப் பிடுங்க நடைமுறையில் வழியில்லை என்பது இதைவிடப் பெரிய சிக்கல். 2023 டிசம்பரில் லயான்-5பி தொகுப்பே திரும்பப் பெறப்பட்டது. சிறார் பாலியல் வதைப் படங்களின் முகவரிகள் அதில் இருப்பதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். தொகுப்பு போனது, அதில் பயின்ற மாதிரிகள் உலகெங்கும் தனிக்கணினிகளில் ஓடிக்கொண்டே இருந்தன. இவ்வளவு கொடிய காரணத்துக்கே மாதிரியைத் திருப்பி அழைக்க முடியவில்லை என்றால், ‘என் படத்தை எடுத்துவிடுங்கள்’ என்ற மின்னஞ்சலுக்கு என்ன மதிப்பு? ஒப்புதல் பயிற்சிக்கு முன்னால் கேட்கப்பட வேண்டும். பின்னால் கேட்பதை ஒப்புதல் என்று அழைப்பது சொல்லுக்கே செய்யும் அநியாயம். ஒப்புதல், பெயர், ஊதியம் என்று ஓவியர்கள் மூன்றைக் கேட்கிறார்கள். முதலாவது இல்லாமல் மற்ற இரண்டும் நிற்காது.

உரிமம் பெற்ற தொகுப்பில் பயிற்றுவிப்பதும் உள்ளே இறங்கிப் பார்த்தால் அவ்வளவு சுத்தமில்லை. அடோபி நிறுவனத்தின் ஏஐ படக்கருவியான ஃபயர்ஃபிளை, அந்நிறுவனத்தின் சொந்த ஸ்டாக் (படவிற்பனை) தளத்தின் படங்களில் பயின்றது, பங்களிப்பாளர்களுக்குப் போனஸும் தருகிறது. ஆனால் அந்தப் படங்களில் சுமார் 5% ஏஐ உருவாக்கியவை, அவற்றில் மிட்ஜர்னியில் பிறந்தவையும் உண்டு என்று 2024 ஏப்ரலில் ப்ளூம்பெர்க் வெளிப்படுத்தியது.

ஓவியர் கையில் இருப்பவை

முதலில் பதிவு. அமெரிக்க வாடிக்கையாளர் உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. அமெரிக்காவுக்கு வெளியே முதலில் வெளியான படைப்புக்குப் பதிவின்றியே அமெரிக்காவில் வழக்குப் போடலாம். ஆனால் சட்டம் நிர்ணயித்த இழப்பீட்டைக் கேட்க, மீறல் தொடங்கும் முன்போ வெளியான மூன்று மாதத்துக்குள்ளோ பதிந்திருக்க வேண்டும். ஒரு படைப்புக்கு 750 டாலர் முதல் 30,000 வரை, வேண்டுமென்றே செய்த மீறலுக்கு 1,50,000 வரை. இது ஏட்டுச்சுரைக்காய் இல்லை என்பதைப் புத்தக வழக்கு காட்டியது. 2025-இல் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் எழுத்தாளர்களோடு செய்துகொண்ட 150 கோடி டாலர் சமரசத்தில், புத்தகம் ஒன்றுக்கு ஏறத்தாழ 3,000 டாலர் என்று கணக்கு. பட்டியலில் சேர முடிந்தவை உரிய காலத்தில் பதிவான புத்தகங்கள் மட்டுமே.

இந்தியாவில் பதிவு கட்டாயமில்லை. ஓர் ஓவியத்துக்குக் கட்டணம் 500 ரூபாய், சரக்கின்மேல் அச்சாகும் படம் என்றால் 2,000. பதிவேட்டில் உள்ள விவரங்களுக்கு அது சான்று. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏஐ பயிற்சிக்கென்று தனி விலக்கு எதுவும் கிடையாது. 2025 டிசம்பரில் மத்திய அரசுத் துறைக் குழு வெளியிட்ட ஆலோசனை அறிக்கை, கட்டாய உரிமம் என்ற வழியை முன்வைத்தது: நிறுவனங்கள் பயிற்றுவிக்கலாம், ராயல்டி கட்ட வேண்டும், படைப்பாளி மறுக்க முடியாது. ஊதியம் வரும், ஒப்புதல் போய்விடும்.

அடுத்தது கிளேஸ். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பென் ஜாவ் குழு 2023 மார்ச்சில் இலவசமாக வெளியிட்ட மென்பொருள். கண்ணுக்கு அதிகம் தெரியாத மாற்றங்களைப் படத்தில் கலந்து, மாதிரிக்கு அது வேறொரு நடைபோலத் தோன்றச் செய்கிறது. வலையில் ஏற்றும் முன், அளவைக் குறைத்த பிறகு, கடைசிப் படியாகச் செய்ய வேண்டும். கிளேஸ் செய்தபின் அளவை மாற்றினால் காப்பு பலவீனப்படலாம். தடித்த தூரிகை வேலையில் மாற்றம் ஒளிந்துகொள்ளும். கார்ட்டூன்போலச் சமமான வண்ணப்பரப்பு உள்ளவற்றில் அழுக்குப் படிந்ததுபோலத் தெரியும்; அவர்களுக்கு இது அரைகுறைத் துணைதான். ஏற்கெனவே வெளியே போன படங்களைக் காப்பாற்றாது. இந்த வகைக் காப்புகளைக் கண்டுபிடித்து அகற்றும் லைட்ஷெட் என்ற முறையையும் 2025-இல் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். பூட்டு என்று நம்பி உறங்க வேண்டாம், வேலி என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒப்பந்தம். நடையைச் சட்டம் காக்காது. உலகில் எங்கும் அப்படித்தான், அது மாறுவதும் கலைக்கு நல்லதில்லை, ஏனென்றால் எல்லா ஓவியரும் இன்னொருவர் நடையைப் பார்த்தே கற்கிறார்கள். பெயரை ஒப்பந்தத்தால் காக்கலாம். பதிப்புரிமையை நிறுவனத்துக்கு எழுதிக்கொடுக்கும் வேலைகளில் இது மிகவும் தேவை, ஏனென்றால் பிறகு பேச ஓவியருக்கு இடமே இருக்காது. வேலை தொடங்கும் முன், முன்பணத்தோடு சேர்த்து, இந்த நான்கு வரிகளைக் கையெழுத்தாக வாங்கிக்கொள்ளலாம்:

‘இந்த ஓவியத்தையோ இதன் வரைவுகளையோ ஏஐ மாதிரியைப் பயிற்றுவிக்கவோ, துணைக்கோப்பு தயாரிக்கவோ வாடிக்கையாளர் பயன்படுத்தக் கூடாது, மூன்றாம் தரப்புக்கு அந்த அனுமதியைத் தரவும் கூடாது. ஓவியரின் பெயரை ஏஐ கருவிகளுக்கான ப்ராம்ப்டில் பயன்படுத்தக் கூடாது. ஏஐ உருவாக்கிய படத்தைத் திருத்தும் வேலை, புதிய ஓவியத்துக்கான கட்டணத்திலேயே கணக்கிடப்படும். பதிப்புரிமை கைமாறிய பின்னரும் இந்த நிபந்தனைகள் நீடிக்கும்.’